பினாயில் அண்ணன் கழுவிய வாளி

குழாயை அவர் கையால் மூடுவதில்லை. ஏழாவது தடவையாகக் கை கழுவி முடித்ததும், ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு, குழாயின் நீளக் கைப்பிடியை வலது முழங்கையால் ஒரு தட்டுத் தட்டுகிறார். தண்ணீர் நிற்கிறது. கழுவிய கையால் கழுவாத குழாயைத் தொட்டால் அப்புறம் கழுவியதற்கு என்ன அர்த்தம் என்பது அவருடைய கட்சி. கேட், கதவு, சுவிட்சு எல்லாவற்றுக்கும் அதே முழங்கைதான். அதனால் அவருடைய முழுக்கைச் சட்டைகள் எல்லாம் முதலில் முழங்கையில்தான் கிழியும். வீட்டம்மா விவரமானவர். புதுச்சட்டை வாங்கிய அன்றைக்கே உள்பக்கம் ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைத்துவிடுவார்.

இப்போது மணி காலை ஏழுகூட ஆகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏழு மணிக்குள் ஏழு கழுவல்.

பண்ணையில் அவருக்குப் பினாயில் அண்ணன் என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஒரு நாள் தீவன லாரி டிரைவர் கேட்டில் நின்று ஹாரனை அடித்து, "பினாயில் அண்ணே, கதவத் திறங்க" என்று ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டுவிட்டார். எல்லோரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அண்ணனுக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. ஏதோ பட்டம் வாங்கியவர் போலப் போய் முழங்கையால் கேட்டைத் திறந்துவிட்டார்.

பண்ணை அவருடையது அல்ல, அக்காவுடையது. ஐம்பத்துநான்கு வயதுத் தம்பியை இன்னமும் "டேய்" என்று கூப்பிடும் அக்கா. இருபத்தாறு வருடமாகக் கோழிக் கொட்டகை முழுக்கத் தம்பியின் பொறுப்பு. ஐயாயிரம் குஞ்சு பிடிக்கிற கொட்டகை. ஒரு பேட்ச் வளர்ந்து ஆறாவது வாரம் வண்டியேறிப் போனதும், தரையில் போட்டிருந்த உமியை வழித்துக் கொட்டிவிட்டு, அவர் கழுவ ஆரம்பிப்பார். தரை, சுவர், வலை, தூண், தூணில் அடித்த ஆணி வரைக்கும் பிரஷ் போகும். உள்ளே நுழைய மூன்று ஜோடி ரப்பர் பூட்ஸ் உண்டு. தெருவுக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. அதில் கால் நனைக்காமல் கடவுளே வந்தாலும் உள்ளே விடமாட்டார். ஒரு தடவை இன்சூரன்ஸ் அதிகாரி ஒருவர் பளபளவென்று தோல் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். ஷூவைத் தொட்டியில் முக்கச் சொன்னார் அண்ணன். அதிகாரி ஷூவையும் பார்த்தார், தொட்டியையும் பார்த்தார். கோழிகளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவு சுத்தம் பார்க்கிற மனிதர் காலையில் முதல் வேலையாகச் செய்வது என்ன தெரியுமா? கொட்டகைக்குள் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எச்சத்தைப் பார்ப்பது. கையில் ஒரு சின்னக் குச்சி. அதனால் கிளறிக் கிளறி, கண்ணாடியை ஏற்றி இறக்கி, வரி விடாமல் படிக்கிற மாதிரி பார்ப்பார். "அதுதாங்க என் பேப்பர். கோழிக்கு வாயத் திறந்து சொல்லத் தெரியாது. கீழ எழுதிப் போட்டுட்டுப் போயிடும்" என்பார். கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்தாற்போல விழுந்தால் நல்ல சேதி. பத்துக்கு ஒன்று கரும்பழுப்பாக, களிம்பு மாதிரி, மூக்கைத் துளைக்கிற நாற்றத்தோடு விழுந்தால் அதைவிட நல்ல சேதி. கோழியின் குடலுக்குக் கடைசியில் இரண்டு பைகள் இருக்கின்றன. அந்தப் பைகள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதற்கு அந்த நாற்றம்தான் சாட்சி. அந்தச் சாட்சியைப் பார்த்துவிட்டால் அண்ணன் முகம் மலர்ந்துவிடும். உடனே போய்க் கை கழுவிக்கொள்வார்.

வீட்டிலும் இதே அமர்க்களம்தான். பாத்திரம் துலக்குவதென்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம். மற்றப் பாத்திரங்களை வீட்டம்மா தாராளமாக விட்டுக்கொடுத்துவிடுவார், தயிர் உறைய வைக்கிற சட்டியை மட்டும் தரமாட்டார். கல்யாணமான புதிதில் அவர் அதை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, அதே தண்ணீரில் அலசிக் கவிழ்த்தார். அன்றிரவு ஊற்றிய பால் மறுநாளும் பாலாகவே இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியேதான். அன்றிலிருந்து அந்தச் சட்டி அவர் கண்ணில் படாது. அரிசி டிரம்முக்குப் பின்னால், அலமாரி மேல்தட்டில், துணிக்கூடைக்கு அடியில் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். முப்பது வருடமாக அந்த வீட்டில் நடக்கிற கண்ணாமூச்சி அது.

சரி, இத்தனை சுத்தமாக இருந்த கொட்டகையில் கோழிகள் கொழுகொழுவென்று வளர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் இடித்தது. தொடர்ந்து இரண்டு பேட்ச் படுத்துவிட்டது. முதல் வாரம் ஓடியாடிய குஞ்சுகள் இரண்டாவது வாரம் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாக ஒடுங்கும். எச்சம் தண்ணீராகப் போகும், தின்ற தீவனம் தின்றபடியே வெளியே வரும். தரையில் உமி ஈரமாகிச் சொதசொதக்கும். அண்ணன் இன்னும் பலமாகக் கழுவினார். முன்ஜாக்கிரதைக்கு என்று குஞ்சு வந்திறங்கிய முதல் நாளே தண்ணீரில் கிருமிக்கொல்லி மருந்தைக் கலந்து கொடுத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் இருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

அக்கா கூட்டம் போட்டெல்லாம் பேசுகிறவர் இல்லை. ஒரு நாள் வந்தார், ஈர உமியைக் காலால் தள்ளிப் பார்த்தார், முடிவைச் சொன்னார். அடுத்த பேட்சும் இப்படிப் போனால் கொட்டகையை மெத்தைக் கம்பெனிக்குக் குடோனாக விட்டுவிடப் போகிறார். ஆள்கூட வந்து நீள அகலம் அளந்துவிட்டுப் போயிருந்தான். கோழி இல்லாத கொட்டகையில் மெத்தைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கும் தன்னை அண்ணன் நினைத்துப் பார்த்தார். மெத்தை எச்சம் போடாது. காலையில் எழுந்து எதைப் படிப்பது?

அந்தச் சமயத்தில்தான் புது கால்நடை டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண், ஸ்கூட்டரில் வருகிறவர். அண்ணன் வழக்கம்போல் ஓரக்கண்ணால் கவனித்தார். டாக்டர் ஒரே ஒரு தடவைதான் கை கழுவினார். அதில் மதிப்பெண் குறைந்தது. ஆனால் யாரும் சொல்லாமலே மருந்துத் தொட்டியில் இரண்டு காலையும் நனைத்தார். குறைந்த மதிப்பெண் திரும்பி வந்தது. பிறகு அவரும் உமியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியை எடுத்து எச்சத்தைக் கிளற ஆரம்பித்ததும், அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். தன்னோடு உட்கார்ந்து பேப்பர் படிக்க இருபத்தாறு வருடத்தில் ஓர் ஆள் வந்ததில்லை.

டாக்டர் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. கொட்டகையைக் கழுவுவது நல்லதுதான், அதை விடவே கூடாது என்றார். பிரச்சினை கொட்டகையில் இல்லை, குஞ்சின் வயிற்றுக்குள் இருக்கிறது என்றார். தாய்க்கோழி அடைகாத்துப் பொரித்தால் குஞ்சு அதன் காலடியில் கொத்திக் கிளறித் திரியும். தாயின் எச்சத்திலிருந்து நல்ல கிருமிகள் குஞ்சின் வயிற்றுக்குப் போய்ச் சேரும். இங்கே வருகிற குஞ்சுகளோ மெஷினில் பொரித்தவை. தாய் முகமே பார்க்காதவை. வயிறு வெறும் வயிறு. போதாக்குறைக்கு முதல் நாளே மருந்து.

"காலியா இருந்தா சுத்தமா இருக்குன்னுதானே அர்த்தம், டாக்டரம்மா?"

"வீட்டக் காலியாப் போட்டா யார் வேணும்னாலும் வந்து குடியேறிடுவாங்க, அண்ணே. முதல்லயே நல்ல குடும்பமா பாத்து வெச்சிட்டா, அப்புறம் வர்ற ரவுடிக்கு இடம் இருக்காது."

வாழ்நாள் முழுக்கக் கிருமியைக் கொன்றவரிடம் கிருமியை வளர்க்கச் சொன்னால் எப்படி இருக்கும்? வீட்டுக்குப் போய், "கிருமிய டப்பால அடைச்சு அனுப்புறாங்களாம், நம்ம கையாலயே ஊத்திக் குடுக்கணுமாம்" என்று வீட்டம்மாவிடம் புலம்பினார். வீட்டம்மா உடனே போய்த் தயிர்ச் சட்டி இருந்த இடத்தை மாற்றி வைத்தார்.

அடுத்த பேட்ச் குஞ்சுகள் வந்த அன்றே நல்ல கிருமிப் பொடியும் குளிர்பெட்டியில் வந்து சேர்ந்தது. டாக்டர் சொன்னது எளிய காரியம். இந்தத் தடவை முதல் நாள் மருந்து கிடையாது. மூன்று நாளைக்குக் குடிதண்ணீரில் குளோரின் போடக் கூடாது, போட்டால் நல்ல கிருமியும் செத்துவிடும். வாளியில் பொடியைக் கரைத்துக் குழாய் வழியாகக் குஞ்சுகளுக்கு விட வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, அண்ணன் ஒரு வார்த்தை பிசகவில்லை. குடிதண்ணீர்த் தொட்டியில் ஒரு சிட்டிகை குளோரின்கூடப் போடவில்லை. ஆனால் வாளியைப் பார்த்தார். பழைய வாளி. உயிருள்ள சாமான் வந்து இறங்கியிருக்கிறது, அழுக்கு வாளியிலா கரைப்பது? ப்ளீச்சிங் பவுடரைக் கெட்டியாகக் கரைத்து வாளியைத் தேய்த்தார். கடைசி அலசலுக்கும் அதே தண்ணீர். அப்புறம் குழாய்களுக்குள்ளும் அதையே விட்டு, ஒவ்வொரு முனையிலும் வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்தார். மனசு நிறைந்தது. நல்ல கிருமிக்கு நல்லபடியாக வழி செய்து கொடுத்தோம் என்ற திருப்தியோடு பொடியைக் கரைத்து விட்டார். மூன்று நாளும் இப்படியே நடந்தது.

பத்தாம் நாள் உமி ஈரமாகிவிட்டது.

டாக்டர் ஓடி வந்து பார்த்தார். தண்ணீரில் குளோரின் போட்டீர்களா என்று கேட்டார். "சத்தியமா இல்லம்மா" என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை என்பது நமக்குத் தெரியும். டாக்டர் குழம்பிப்போய்த் திரும்பினார். அக்கா வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார், டாக்டரையும் வரச் சொன்னார்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டம்மா தலைவலி என்று பாலுக்கு உறை ஊற்றிவிட்டுச் சீக்கிரம் படுத்துவிட்டார். ஊற்றுவதற்கு முன்னால் சட்டி சமையலறை மேடையில் அனாதையாகக் கிடந்தது. அதை அண்ணன் பார்த்துவிட்டார். உதவி செய்கிற நல்லெண்ணம்தான், வேறொன்றுமில்லை. வியாழன் காலையில் மூடியைத் திறந்த வீட்டம்மா உள்ளே பாலைப் பார்த்தார். அப்புறம் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"சட்டிய நீங்க கழுவினீங்களா?"

"ரொம்பக் கறையா இருந்திச்சு."

"உறைய வெக்க வேண்டியதையெல்லாம் கொன்னுட்டு, அப்புறம் உறையலன்னா பால் என்ன செய்யும், பாவம்?"

இதே வசனத்தை முப்பது வருடத்துக்கு முன்னாலும் அவர் கேட்டிருக்கிறார். அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று அது நேரே காதில் ஏறியது. கையில் பல்துலக்கும் பிரஷோடு அப்படியே நின்றார். வாளி கண்முன் வந்தது. ப்ளீச்சிங் பவுடரில் இருப்பதும் அதே குளோரின்தானே. மூன்று நாள் காலையும் அதைத் தேய்த்த தேய்ப்பு கண்முன் வந்தது. குழாய் முனையில் மோந்து பார்த்து மகிழ்ந்த வாசனைகூட மூக்குக்கு வந்தது. குளிர்பெட்டியில் பத்திரமாக வந்து இறங்கிய அத்தனை விருந்தாளிகளையும் வாசலிலேயே தீர்த்துக்கட்டியவர் வேறு யாருமில்லை, அவரேதான். அன்று அவர் எச்சம் பார்க்கக்கூட உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அக்கா வந்தார். தொட்டியில் கால் நனைத்துவிட்டு உள்ளே வந்து, ஒடுங்கிக் கிடந்த குஞ்சுகளைப் பார்த்தார். டாக்டர் உமியில் உட்கார்ந்து குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். அக்காவின் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா. நீ நல்லாப் படிச்ச பொண்ணு. ஆனா என் கோழிங்க படிக்கலையே. இந்தக் கிருமி வைத்தியம் போதும். நாளைலேர்ந்து பழைய மருந்தையே குடுக்கட்டும். இருக்கறது இருக்கட்டும், போறது போகட்டும். அப்புறம் மெத்தைக்காரனுக்குச் சாவியக் குடுத்துடலாம்."

டாக்டர் குச்சியைக் கீழே வைத்தார். பொடி வேலை செய்திருக்க வேண்டும், ஏன் செய்யவில்லை என்று தனக்கே புரியவில்லை என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் அந்த வாளியைப் பார்த்தார். அவர் கழுவியதை ஒரு ஈ காக்கைகூடப் பார்க்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் பழி டாக்டரோடு போய்விடும். ஆனால் கொட்டகையும் போய்விடும். வாயைத் திறந்தாலோ, இருபத்தாறு வருடமாக அக்கா போகிற இடமெல்லாம் சொல்லிவந்த "என் தம்பி கை பட்டா அவ்வளவு சுத்தம்" என்ற பேச்சுக்கு இன்றோடு முழுக்கு. கூட்டத்திலிருந்து ஒரு குஞ்சு தள்ளாடி வந்து, அவர் பூட்ஸ் மேல் ஏறி, தண்ணீராகக் கழித்துவிட்டு இறங்கிப் போயிற்று. அன்றைய பேப்பரை அதுவே கொண்டுவந்து போட்டுவிட்டது.

"அக்கா, வாளிய நான் கழுவிட்டேன்."

"கழுவுனா நல்லதுதானேடா?"

"ரொம்ப நல்லாக் கழுவிட்டேன்."

டாக்டர் மெதுவாக எழுந்தார். எதில் கழுவினீர்கள் என்று கேட்டார். அண்ணன் ஒன்று விடாமல் சொன்னார். பவுடர் எத்தனை கரண்டி, எத்தனை தடவை அலசல், குழாய் முனையில் மோந்து பார்த்தது, மூன்று நாள், மூன்று வாளி. "வர்ற விருந்தாளிக்கு அழுக்கு வாளி வெக்கலாமான்னு தோணிச்சும்மா" என்று முடிக்கும்போது குரல் உள்ளே போய்விட்டது. டாக்டர் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறார் என்று நினைத்துப் பதறிப்போனார் அண்ணன். அழவில்லை. அக்கா தம்பியையே உற்றுப் பார்த்தார். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த தயிர்ச் சட்டிக் கதை அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இன்னொரு தடவ ஊத்தினா தேறுமாம்மா?"

முதல் மூன்று நாளில் கொடுத்தால்தான் முழுப் பலன் என்றார் டாக்டர். இப்போது ரவுடிகள் உள்ளே வந்து பாயை விரித்துவிட்டார்கள். ஆனாலும் இடம் பிடிக்கிற சண்டை இன்னும் முடியவில்லை, முயற்சி செய்யலாம், எல்லாக் குஞ்சையும் காப்பாற்ற முடியாது என்று மறைக்காமல் சொன்னார்.

"அப்ப ஊத்துங்க. தேறினா கோழி, தேறலன்னா மெத்த" என்றார் அக்கா. போகிற போக்கில் தம்பியின் முதுகில் ஒரு தட்டு. அடியா தடவலா என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் டாக்டரே வந்து கரைத்தார். புது வாளியைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரே ஒரு தடவை அலசினார். "அவ்வளவுதானா?" என்று கேட்டார் அண்ணன். அவ்வளவுதான் என்றார் டாக்டர். அண்ணனுக்குக் கை ஊறியது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களைக் கோத்துக்கொண்டார். குழாய்களில் வெறும் தண்ணீரை ஓடவிட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நாள் அப்படி நின்றார்.

குஞ்சுகள் சில போகத்தான் செய்தன. ஒவ்வொன்றையும் எடுத்துப் போகும்போது அவருக்குக் குற்றவுணர்ச்சி குத்தியது, அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் வாரக் கடைசியில் உமி காய ஆரம்பித்தது. ஒடுங்கிக் கிடந்தவை தீவனத் தட்டுக்கு முண்டியடித்தன. நான்காவது வாரத்தில் ஒரு நாள், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அண்ணன் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, கரும்பழுப்பு விழுந்திருச்சு. களிம்பு மாதிரி இருக்கு. என்னா நாத்தம்ங்கறீங்க!"

டாக்டர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். அண்ணன் போட்டோவும் அனுப்பினார்.

ஆறாவது வாரம் பேட்ச் வண்டியேறியது. பிரமாதம் என்று சொல்ல முடியாது, பரவாயில்லை என்று சொல்லலாம். அக்கா மெத்தைக்காரரை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அடுத்த குஞ்சுகள் திங்கட்கிழமை வருகின்றன, நல்ல கிருமிப் பொடியும் அன்றே வருகிறது. இனிமேல் கரைக்கிற வேலை உங்களுடையதுதான் என்று டாக்டர் அண்ணனிடமே ஒப்படைத்துவிட்டார்.

சனிக்கிழமை முழுக்க அவர் கொட்டகையைக் கழுவினார். தரை, சுவர், தூண், ஆணி. ப்ளீச்சிங் வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று. கடைசியில் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தபோது, கழுவாதது என்று அந்தப் புது வாளி ஒன்றுதான் மூலையில் மிச்சம். கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் நீண்டது. பிரஷைக் கீழே போட்டுவிட்டு, வாளியை வண்டியின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டி, வீட்டுக்குக் கிளம்பினார்.

வீட்டம்மா கதவைத் திறந்தார். அண்ணன் வாளியை நீட்டினார்.

"இந்தா, இதையும் அந்தச் சட்டி கூடவே வெச்சிடு. திங்கக்கெழமை காலைல குடுத்தாப் போதும்."

சொல்லிவிட்டு, உள்ளே அலமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் ஓயும் வரைக்கும், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.